ஒரு தொட்டிக்கு ஒரு கெக்கோ

லெப்பர்ட் கெக்கோ குட்டி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர், ஏற்கெனவே வளர்க்கும் நண்பர், பழைய கையேடு எல்லாரும் ஏறக்குறைய ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள். இரண்டாக வாங்குங்கள், ஒன்று மட்டும் என்றால் ஏங்கிப்போகும். குட்டிகள் சண்டை போடாது, ஒரே தொட்டியில் விடலாம். சில மாதங்களில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். இரண்டும் ஆணாக இருந்தால் அப்போது பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பெண் என்றால் கடைசிவரை சேர்ந்தே இருக்கட்டும்.

கேட்பதற்கு இது நியாயமாக இருக்கிறது. பிராணியின் மேல் அக்கறையும் செலவில் சிக்கனமும் இதில் சேர்ந்தே தெரிகின்றன. இத்தனை ஆண்டுகளாக இது நிலைத்து நிற்பதற்கும் அதுதான் காரணம். ஆனால் இதை நம்பி வளர்த்த வீடுகளில் நடப்பது வேறு. வாலை இழந்த குட்டிகள், விரல் நுனி போன குட்டிகள், கூட இருப்பதன் எடையில் பாதியைக்கூட எட்டாதவை, ஒரு வயது நிறையும் முன்பே முட்டை சுமப்பவை. இவை எல்லாம் ‘துரதிர்ஷ்டம்’ என்று பேசப்படுகின்றன. அந்த அறிவுரையின் நேரடி விளைவுகள் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். குட்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே அதற்குத் தனித் தொட்டி வேண்டும். அது ஆணா பெண்ணா என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. பால் தெரிந்தபின் இடத்தைப் பற்றி யோசிக்கலாம் என்ற வரிசையே தலைகீழானது.

முதலில் இந்தப் பிராணியைப் பார்ப்போம். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதிகள் என்று நீளும் வறண்ட பாறை நிலம்தான் இதன் தாயகம். 1854இல் எட்வர்டு பிளைத் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கும் இதற்கும் இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. இதற்குக் கண்ணிமை இருக்கிறது, கண்ணை மூடித் தூங்கும். இதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் கிடையாது, ஆகவே கண்ணாடியிலோ சுவரிலோ ஏற முடியாது. இரண்டாவது வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள். சுவர்ப்பல்லியை இன்னொன்று துரத்தினால் அது கூரைக்கு ஓடிவிடும். லெப்பர்ட் கெக்கோவுக்குத் தரை மட்டும்தான். தொட்டிக்குள் அடைத்தால் அந்தத் தரைக்கும் நான்கு எல்லைகள் வந்துவிடுகின்றன. தோற்றது ஓடி ஒளிய இடம் தேடும்போது, ஜெயித்தது இரண்டடி தூரத்தில் இருக்கும்.

‘இரண்டும் பெண் என்றால் கவலை இல்லை’ என்ற எண்ணம் பெரிய அளவில் இனப்பெருக்கம் செய்தவர்களிடமிருந்து வந்தது. அவர்கள் ஓர் ஆணோடு நான்கைந்து பெண்களை ஒரே பெட்டியில் வைத்தார்கள். அவர்களுக்கு முட்டை வேண்டும், இடமும் வேலையும் மிச்சமாக வேண்டும். அந்த ஏற்பாட்டில் ‘எது ஆண், எது பெண்’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க முடியும். அங்கே ஒரு பெண் மெலிந்தால் உடனே எடுத்து வேறு பெட்டியில் போடுவார்கள். காலிப் பெட்டிகள் அலமாரி நிறைய இருக்கும், தினமும் பார்த்துப் பழகிய கண்களும் இருக்கும். ஒரு சிறுமியின் படுக்கையறையில் இருக்கும் ஒற்றைத் தொட்டிக்கு இந்த வசதிகளில் எதுவும் இல்லை. முட்டை வியாபாரத்துக்காக உருவான ஒழுங்கு அப்படியே செல்லப்பிராணி வளர்ப்புக்குள் வந்து, அதன் காரணங்கள் மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டன.

இனி பாலறியும் கலைக்கு வருவோம். எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும் இந்தத் தூண் எவ்வளவு மெலிந்தது என்று பார்க்க வேண்டும்.

வளர்ந்த கெக்கோவில் வேறுபாடு தெளிவானது. வயிற்றுப் பக்கம் பார்த்தால், கழிவுத் துவாரத்துக்குச் சற்று முன்னால், இரண்டு பின்னங்கால்களுக்கும் இடையே, அம்புமுனை வடிவில் ஒரு வரிசைச் செதில்கள் இருக்கும். ஆணுக்கு அந்தச் செதில்களில் நல்ல துளைகள் உண்டு, அவற்றிலிருந்து மெழுகு போன்ற பொருள் கசியும். துவாரத்துக்குப் பின்னால், வாலின் அடியில், இரண்டு புடைப்புகள் தெரியும். ஊர்வனவற்றில் பல்லி, பாம்பு இனங்களின் ஆண்களுக்கு இருக்கும் இரட்டை உறுப்பு அங்கேதான் உள்ளே மடிந்திருக்கிறது. பெண்ணுக்கு அந்த வரிசை மங்கலாக, துளைகள் ஆழமின்றி இருக்கும், புடைப்பு இராது. ஒரு வயது கெக்கோவைத் தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியில் விட்டு அடியிலிருந்து பார்த்தால் புதியவரும் சொல்லிவிடலாம்.

முட்டையிலிருந்து வெளிவந்த குட்டியின் எடை ஏறத்தாழ 3 கிராம். அதில் அந்தத் துளைகள் ஊசிமுனை அளவுகூட இருக்காது. கைதேர்ந்தவர்கள் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்து, நல்ல வெளிச்சத்தில், சில வாரக் குட்டியிலேயே துளைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அது உண்மைதான், அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தச் சோதனையின் இரண்டு தீர்ப்புகளுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. ‘ஆண்’ என்று சொல்பவர் எதையோ கண்டு சொல்கிறார். ‘பெண்’ என்று சொல்பவர் எதையும் காணாததால் சொல்கிறார். ஆறு வாரக் குட்டியில் துளை தெரியவில்லை என்றால் அது பெண்ணாக இருக்கலாம், துளை இன்னும் ஆழமாகாத ஆணாகவும் இருக்கலாம். வளர்ச்சி எடையைப் பொறுத்தது, வயதை மட்டும் பொறுத்ததல்ல. சரியாகத் தின்னாமல் சிறுத்திருக்கும் ஆண் குட்டி பல மாதங்களுக்குப் பெண்ணாகவே தோற்றமளிக்கும். ஆகவே சிறு வயதில் பால் பார்ப்பதில் வரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் விழுகின்றன: ஆணைப் பெண் என்று எழுதிவிடுவது. இப்போது அந்த அறிவுரையை மறுபடி படியுங்கள். ‘இரண்டும் பெண் என்றால் சேர்த்து வையுங்கள்’ என்கிறது. எந்தத் தீர்ப்பு பொய்யாகும் வாய்ப்பு அதிகமோ, அதன் மேல்தான் இரண்டு உயிர்களின் பாதுகாப்பு நிற்கிறது.

தலை அகலமாக இருந்தால் ஆண், கழுத்து தடித்திருந்தால் ஆண், முன்கோபம் இருந்தால் ஆண் என்றெல்லாம் சொல்வதைக் குட்டிகள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

‘எங்கள் குட்டிகள் வெப்பநிலை வைத்துப் பெண்ணாகப் பொரிக்கப்பட்டவை’ என்று விற்பவர் சொல்லலாம். இதில் அறிவியல் இருக்கிறது, அதனாலேயே இது ஆளை எளிதில் மயக்கிவிடுகிறது. லெப்பர்ட் கெக்கோவுக்குப் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் கிடையாது. முட்டை எந்தச் சூட்டில் இருந்தது என்பதே தீர்மானிக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் டேவிட் குரூஸும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். 26 டிகிரி செல்சியஸில் பொரித்தால் கிட்டத்தட்ட எல்லாம் பெண். 30 டிகிரியில் ஆண்கள் சிறுபான்மையாகக் கலந்து வருகிறார்கள். 32.5 டிகிரியில் ஆண்களே பெரும்பான்மை, ஏறத்தாழ நான்கில் மூன்று. 34, 35 என்று ஏறினால் மறுபடியும் பெரும்பாலும் பெண். முழுக்க ஆண்களே பிறக்கும் வெப்பநிலை என்று ஒன்று இதற்கு இல்லை. ‘வெப்பநிலை ஆண்’ என்று எழுதிய பெட்டியில் நான்கில் ஒன்று பெண்ணாக இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

பெண் பக்கம் நிலைமை மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 26 டிகிரியில் உறுதியாக வைத்த முட்டை பெண்ணாகத்தான் பொரியும். ஆனால் உறுதியாக வைத்தாரா என்பதை வாங்குபவர் எப்படி அறிவார்? பால் தீர்மானமாவது அடைகாப்புக் காலத்தின் நடுப்பகுதியில். அந்த வாரங்களில் மின்சாரம் போனதா, அறை சூடேறியதா, தெர்மோமீட்டர் சரியாகக் காட்டியதா, முட்டைகள் இன்குபேட்டரின் எந்த மூலையில் இருந்தன என்பதெல்லாம் அட்டையில் எழுதப்படுவதில்லை. ‘பெண்’ என்ற ஒரு சொல்தான் எழுதப்படுகிறது.

இதே ஆய்வுகளில் வெளிப்பட்ட இன்னொரு செய்தி எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சேர்த்து வளர்க்கச் சொல்பவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. முட்டையின் சூடு பாலை மட்டும் தீர்மானிப்பதில்லை, சுபாவத்தையும் தொடுகிறது. ஆண்கள் மிகுதியாகப் பொரியும் 32.5 டிகிரியில் பிறந்த பெண்கள், 26 டிகிரியில் பிறந்த பெண்களைவிட ஆக்ரோஷமாக நடந்துகொள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கருவிலேயே அமைந்துவிடும் இந்தக் குணம் வளர்ந்த பின்னும் நீடிக்கிறது. ஆகவே ‘பெண்’ என்று சரியாகவே கண்டுபிடித்தாலும், கூட இருப்பதோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்தச் சொல்லில் விடை இல்லை. கடையில் வாங்கிய இரண்டு பெண்களில் ஒன்று குளிர்ந்த முட்டையிலிருந்தும் மற்றது சூடான முட்டையிலிருந்தும் வந்திருந்தால், அவற்றை ஒன்றாக அடைப்பவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்கிறார்.

ராபர்ட் மேசனும் வில்லியம் கட்ஸ்கியும் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இங்கே பொருத்தமானது. ஆண் கெக்கோ எதிரில் இருப்பது பெண்ணா என்பதைத் தோலின் வாசனையால் அறிகிறது என்பதற்கு அதில் சான்று கிடைத்தது. தோல் உரியும் நேரத்தில் பெண்ணை ஆண் தாக்கியது. உரிந்து முடிந்த பின் அதே பெண்ணிடம் உறவு நாடியது. ஆக, ‘இத்தனை மாதம் ஒற்றுமையாகத்தானே இருந்தன’ என்ற சமாதானம் ஓர் இரவுக்குக்கூடத் தாங்காது. வளரும் குட்டி அடிக்கடி தோலுரிக்கும்.

குட்டிகள் சண்டை போடாது என்கிறார்களே, அதற்கு வருகிறேன்.

முட்டையிலிருந்து வந்த லெப்பர்ட் கெக்கோ குட்டிக்குத் தாய் இல்லை. தாய் ஈர மண்ணில் இரண்டு முட்டைகளை இட்டுப் புதைத்துவிட்டுப் போய்விடுகிறது. வெளிவரும் குட்டி முதல் தோலை உரித்து, பெரும்பாலும் அதையே தின்றுவிட்டு, தன் இரையைத் தானே தேடத் தொடங்குகிறது. அருகில் கை கொண்டுபோனால் கால்களை ஊன்றி உடலை உயர்த்தி, வாய் திறந்து கீச்சென்று கத்தும். தன்னைத் தானே காத்துக்கொள்ளும் கருவிகளோடு பிறந்த உயிர் அது. அண்ணன் தம்பி பாசம், கூட்டத்தின் அரவணைப்பு என்று நாம் நினைப்பது எதற்கும் அதன் வாழ்க்கையில் இடமில்லை. ஏங்கிப்போகும் என்று சொல்பவர்கள் நாய்க்குட்டியையோ லவ் பேர்ட்ஸையோ மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

குட்டிகள் கட்டிப் புரண்டு சண்டை போடுவது அரிது, உண்மைதான். அவற்றின் போட்டி சத்தமில்லாமல் நடக்கும். இரை நெருங்கும்போது லெப்பர்ட் கெக்கோ வால் நுனியை நடுக்கும். பக்கத்தில் இருக்கும் பசித்த குட்டிக்கு அந்த நடுங்கும் நுனி புழுவாகத் தெரிந்தால் கடித்துவிடும். விரல்களும் அப்படியே. கடிபட்ட குட்டி வாலைக் கழற்றிவிடும். வால் மறுபடி வளரும், அதனால் பாதகமில்லை என்று ஆறுதல் சொல்வார்கள். வளர்வது பழைய வால் அல்ல. முள்ளெலும்புகள் இருந்த இடத்தில் குருத்தெலும்புக் குழாய் வரும், வடிவம் குட்டையாக உருண்டிருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. இந்தப் பிராணி தன் கொழுப்பைச் சேமிக்கும் இடமே வால்தான். ஐந்தாறு கிராம் எடையுள்ள குட்டி ஒரு நொடியில் தன் சேமிப்பு முழுவதையும் இழக்கிறது. பிறகு வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் வாலை மீட்கப் போகிறது, அதுவும் அதே போட்டியாளரின் பக்கத்தில் இருந்துகொண்டு.

வால் போகாத வீடுகளிலும் ஒன்று வளரும், மற்றது வளராது. தொட்டியில் வெப்பமான இடம் ஒன்றுதான். லெப்பர்ட் கெக்கோவுக்கு வயிற்றில் சூடு படாவிட்டால் தின்றது சரியாகச் செரிக்காது. சூடான மறைவிடத்தில் பெரியது படுத்திருந்தால் சிறியது குளிர்ந்த மூலைக்குப் போகும், அல்லது அதன் மேலேயே ஏறிப் படுக்கும். ஒன்றன் மேல் ஒன்று படுத்திருக்கும் அந்தப் படத்தைத்தான் ‘எவ்வளவு பாசம் பாருங்கள்’ என்று எல்லாருக்கும் காட்டுகிறார்கள். அங்கே நடப்பது சூட்டுக்கான போட்டி.  இரண்டு மறைவிடங்கள், இரண்டு தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வைத்துவிட்டு இரவில் கேமரா போட்டுப் பாருங்கள். இரண்டுமே நல்ல மறைவிடம் ஒன்றையே நாடும், ஜெயிப்பது ஒன்றே.

சிறியது ஏன் வளரவில்லை என்று கேட்டால் ‘அது பிறவியிலேயே சோனி’ என்பார்கள். பிரித்து வைத்த சில வாரங்களில் அந்தச் சோனி வால் தடித்து வருவதைப் பார்த்தவர்கள் பிறகு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

காட்டில் ஒரே கல்லுக்கு அடியில் பல கெக்கோக்கள் இருப்பதைக் கண்டிருக்கிறார்களே என்ற வாதம் படித்தவர்களிடமிருந்து வருகிறது. கண்டிருக்கலாம். வெயிலில் தகிக்கும் நிலத்தில் ஈரமும் நிழலும் உள்ள பிளவுகள் குறைவு, ஆகவே அவை பகிரப்படும். ஆனால் அந்தக் கல்லுக்கு அடியிலிருந்து ஒவ்வோர் இரவும் எத்திசையிலும் போக வழியுண்டு. தோற்றது அடுத்த பிளவைத் தேடிப் போகலாம். 90 சென்டிமீட்டர் கண்ணாடிப் பெட்டியில் அந்த ‘அடுத்த பிளவு’ இல்லை. இயற்கையை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் பரப்பளவையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

ஓர் ஆணும் பெண்ணும் பால் தெரியாமல் ஒன்றாக வளர்ந்தால் நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிரே போகிறது. லெப்பர்ட் கெக்கோ ஒரு வயதுக்கு முன்பே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆண் காத்திருக்காது, பெண்ணின் உடல் தயாரா என்றும் பார்க்காது. கழுத்தைக் கவ்விப் பிடித்துப் புணரும், விடாமல் துரத்தும். பொறுப்பான வளர்ப்பாளர்கள் பெண்ணுக்கு ஒரு வயதாவது நிறைந்து எடை 50 கிராமை ஒட்டி வரும்வரை ஆணிடம் காட்டவே மாட்டார்கள். இன்னும் எலும்பு முற்றாத பெண், தன் கால்சியத்தை எடுத்து முட்டைக்கு ஓடு செய்ய வேண்டியிருக்கிறது. எலும்பு மெலிவது, முட்டை வெளிவராமல் சிக்குவது எல்லாம் இதன் தொடர்ச்சி. ஒரு முறை சேர்ந்த பெண் விந்தை உடலுக்குள் சேமித்து வைத்து, அதே பருவத்தில் அடுத்தடுத்து முட்டையிடும். ‘தெரிந்ததும் பிரித்துவிட்டோமே’ என்று நிம்மதி அடைபவர்களுக்கு, பிரித்த பிறகும் அந்த உடல் பல வாரங்கள் முட்டை செய்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. லெப்பர்ட் கெக்கோக்களை வாட்டும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணிக்கு நம்பகமான மருந்து இல்லை, சாதாரண பிளீச்சுக்கும் அது மசியாது. எச்சத்தின் வழியாகப் பரவுகிறது. முதல் அறிகுறி எடை குறைவதும் எச்சம் மாறுவதும். இரண்டு கெக்கோக்கள் உள்ள தொட்டியில் காலையில் கிடக்கும் தண்ணீரான எச்சம் எதனுடையது? எது தின்றது, எது தின்னவில்லை? நோய் தெரிவதற்குள் இரண்டுக்கும் தொற்றியிருக்கும். தனித்தனியாக இருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம்.

‘நாங்கள் இரண்டு பெண்களைப் பத்து ஆண்டுகள் ஒன்றாக வைத்திருந்தோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பவர்களை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். இடம் மிகுந்த தொட்டியில், ஒத்த அளவுள்ள, சாதுவான இரண்டு பெண்கள் கடியின்றி வாழ்ந்திருக்கக்கூடும். ஆனால் அவை ஒன்றாக இருந்ததால் பெற்ற நன்மை என்ன என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதிகபட்ச வெற்றியே ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதுதான். லாபம் வளர்ப்பவருக்கு, ஒரு தொட்டியின் விலை. ஆபத்து முழுவதும் பல்லிக்கு. 15, 20 ஆண்டு வாழக்கூடிய உயிரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தப் பிராணி பரவலாக வளர்க்கப்படும் பிரிட்டனில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் நிறைவேற்ற வேண்டிய தேவைகளில் ஒன்றாக, மற்ற விலங்குகளோடு சேர்ந்தோ அவற்றிலிருந்து விலகியோ வாழ வேண்டிய தேவையைச் சொல்கிறது. விலகி வாழ்வதும் ஒரு தேவை என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அங்குள்ள கடைகளில் ஒரே பெட்டியில் குட்டிகளைக் குவித்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டு ‘கடையிலேயே அப்படித்தானே’ என்று வாங்குபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விற்கும்வரை சில நாட்கள் அடைத்து வைக்கும் ஏற்பாடு ஆயுட்கால ஏற்பாட்டுக்கு முன்மாதிரி ஆகாது.

செலவுதான் கடைசித் தடை என்றால் அதற்கும் வழி உண்டு. இரண்டு தொட்டிக்கு வசதியில்லை என்றால் ஒரு கெக்கோ வாங்குங்கள். அது ஏங்காது என்று மேலே சொல்லிவிட்டேன். பெரிய தொட்டியில் குட்டி பயந்துபோகும், ஆகவே சிறு பெட்டியே போதும் என்று இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது. குட்டி பயப்படுவது வெட்டவெளிக்குத்தான். வெப்பப் பக்கம் ஒரு மறைவிடம், குளிர்ந்த பக்கம் ஒரு மறைவிடம், நடுவில் ஈரப் பாசி வைத்த மூடிய டப்பா ஒன்று, இடையிடையே மரப்பட்டையும் கல்லும் போட்டு நிரப்பினால் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள தொட்டியிலும் குட்டி நிம்மதியாக நடமாடும். வெப்பப் பக்கத் தரை 32 டிகிரியை ஒட்டியும் குளிர்ந்த பக்கம் 25ஐ ஒட்டியும் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டைச் செருகாதீர்கள். வயிறு வெந்த கெக்கோக்களை இந்த ஒரு கருவி காப்பாற்றியிருக்கும். முதல் சில வாரங்கள் தரைக்குச் சமையலறைக் காகிதம் போதும், எச்சத்தைக் கவனிக்க அதுவே வசதி.

ஏற்கெனவே இரண்டு குட்டிகளை ஒரே தொட்டியில் வைத்திருப்பவர்கள் பால் தெரியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மூடியில் காற்றுத் துளைகள் போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, ஒரு ஹீட் மேட், அதற்குத் தெர்மோஸ்டாட், இரண்டு மறைவிடங்கள், ஈர டப்பா, தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் இன்று மாலையே பிரிக்கலாம். பெரியதைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, சிறியதைப் பழகிய தொட்டியிலேயே விடுங்கள். அதற்குத்தான் அமைதி அதிகம் தேவை. கிராம் கணக்குக் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை இரண்டையும் தனித்தனியே நிறுத்து எழுதி வையுங்கள். தனியாக இருந்து, சூடும் சரியாக இருந்து, இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் சிறியதன் எடை ஏறவில்லை என்றால் அதன் எச்சத்தை எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும்.

எடை 25, 30 கிராமைத் தாண்டியபின் நிதானமாகப் பால் பாருங்கள். அப்போது அந்தத் தகவலுக்கு உண்மையான பயன் இருக்கிறது. ஆண் என்றால் துளைகளில் மெழுகு அடைத்துக்கொள்கிறதா, தோலுரித்த பின் துவாரத்தைச் சுற்றிப் பழைய தோல் ஒட்டியிருக்கிறதா என்று அவ்வப்போது கவனிக்க வேண்டும். பெண் என்றால், ஆணையே பார்க்காமல் தனியாக வளர்ந்தாலும் கருவில்லாத முட்டைகளை இடக்கூடும். அதற்கு ஈரமண் நிரப்பிய டப்பா ஒன்று தொட்டியில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், இரைப்பூச்சிகளின் மேல் கால்சியப் பொடி தூவுவதையும் அந்தப் பருவத்தில் விட்டுவிடக் கூடாது.